ஹொங்கொங் கேட்கும், கொழும்பு கேட்காது: அமெச்சூர் வானொலிக்கு ஓர் அறிமுகம்

மாலை ஆறு மணியளவில் ஒரு குறுஅலை வானொலியை எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப் பட்டை) நிலையில் வைத்து, 14.100 மெகாஹேட்ஸுக்குத் திருப்புங்கள். அந்த ஒரே அலைவரிசையில் உலகெங்கும் உள்ள 18 அடையாள நிலையங்கள், ஒவ்வொன்றும் பத்து விநாடி என்று முறைவைத்து ஒலிபரப்புகின்றன. மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று முடியும். ஒவ்வொரு நிலையமும் முதலில் தன் அழைப்புக்குறியை மோர்ஸில் அனுப்பும். பிறகு நான்கு நீண்ட ஒலிக்கோடுகள்: 100 வாற், 10 வாற், 1 வாற், கடைசியாக 0.1 வாற். மணி 6:01:20க்கு ஹொங்கொங்கின் முறை. 6:01:30க்கு 4எஸ்7பி, அதாவது கொழும்பு.

ஹொங்கொங் நாம் இருக்கும் திருகோணமலையிலிருந்து ஏறத்தாழ 3,800 கிலோமீற்றர். கொழும்பு நேர்க்கோட்டில் 235 கிலோமீற்றர்தான். ஆனாலும் அலை நன்றாகத் திறந்திருக்கும் மாலையில் ஹொங்கொங் தெளிவாக வரும். அடுத்த பத்து விநாடி வெறும் இரைச்சலாகக் கழியும். கொழும்பு நிலையம் பழுதாகிவிட்டது என்றே புதியவர் நினைப்பார். அதே பத்து விநாடியில் அதைத் தொலைதேசத்தில் ஒருவர் காது குளிரக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

இது ஏன் இப்படி என்று விளங்கிக்கொண்டவர், எந்தத் தூரத்துக்கு எந்த அலை என்று தேர்ந்தெடுக்கத் தெரிந்தவராகிவிடுவார். அமெச்சூர் வானொலியாளரின் தொழில்நுட்ப வேலையும் தொண்டு வேலையும் இந்தத் தேர்வில்தான் தொடங்குகின்றன. விலை உயர்ந்த கருவி வைத்திருப்பவர், பிழையான அலையைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கக் கத்தினாலும் பயன் இல்லை.

அமெச்சூர் என்பவர் யார்

அமெச்சூர் என்றால் அரைகுறை என்று பொருள் அல்ல. காசுக்காக வானொலி இயக்காதவர் என்று பொருள். சர்வதேச வானொலி ஒழுங்குவிதிகள் இந்தச் சேவைக்குச் சொல்லும் நோக்கங்கள் மூன்று: தானே பயிற்சி பெறுவது, ஒருவரோடொருவர் தொடர்பு கொள்வது, தொழில்நுட்ப ஆய்வு செய்வது. பாட்டு ஒலிபரப்பக் கூடாது. வியாபாரம் பேசக் கூடாது. பொருள் பிறருக்கு விளங்காதபடி சங்கேதமாக்கி அனுப்பவும் கூடாது. அனர்த்த காலத்துக்குத் தயாராவதையும் அந்த நேரத்தில் பிறருக்காகச் செய்தி கொண்டுசெல்வதையும் அதே விதிகள் ஆதரிக்கின்றன.

இலங்கையில் அனுமதிப்பத்திரம் தருவது இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. பரீட்சையில் சித்தியடைந்தவருக்கு அழைப்புக்குறி கிடைக்கும். 4எஸ்7 என்று தொடங்கும் குறியைக் கேட்டதும் உலகில் எங்கிருப்பவரும் இலங்கை என்று அறிந்துகொள்வார். கருவியை வெளிநாட்டிலிருந்து தருவிப்பதற்கும் ஆணைக்குழுவின் அனுமதி தேவை. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று முதலில் கைவானொலியை வாங்கிவிட்டுப் பிறகு அனுமதி தேடுவது தலைகீழ் வழி. கடற்படைத் தளமும் சீனன்குடா விமானத்தளமும் உள்ள இந்த ஊரில் அது வீண் தொல்லையையும் கொண்டுவரும். பத்திரம் முதலில், கருவி பிறகு.

அலை ஏன் தலைக்கு மேலே தாவிப் போகிறது

நிலத்திலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீற்றர் உயரத்தில், சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற ஒரு படை இருக்கிறது. குறுஅலை அதில் பட்டு வளைந்து நிலத்துக்குத் திரும்புகிறது. ஆனால் எல்லா அலையும் எல்லாக் கோணத்திலும் திரும்புவதில்லை. செங்குத்தாக மேலே அனுப்பினால் ஒரு குறிப்பிட்ட எல்லை வரைக்கும்தான் அந்தப் படை திருப்பி அனுப்பும். அந்த எல்லையை மாறுநிலை அதிர்வெண் என்பார்கள். அதைத் தாண்டிய அலை படையைக் கிழித்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். சரிவாகப் போகும் அலைக்கு எல்லை கூடுதல். தட்டைக் கல்லைக் கடல்மீது சரித்து எறிந்தால் தத்திப் போகும், நேராகப் போட்டால் மூழ்கும் அல்லவா, அதுபோல.

கணக்காகப் பார்ப்போம். ஒரு மாலை மாறுநிலை அதிர்வெண் 9 மெகாஹேட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 14.1 மெகாஹேட்ஸ் அலை நன்றாகச் சரிந்து போனால்தான் திரும்பி வரும். அப்படித் திரும்பும் அலை விழும் மிகக் கிட்டிய இடமே 700 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும். அதற்கு உட்பட்ட வளையம் முழுவதும் செவிடு. இதை ஸ்கிப் வலயம் என்பார்கள். 235 கிலோமீற்றரில் இருக்கும் நாம் கொழும்பு நிலையத்தின் ஸ்கிப் வலயத்துக்குள் நிற்கிறோம். ஹொங்கொங்குக்கு நாம் வெளியே நிற்கிறோம்.

கொழும்போடு பேச வேண்டுமானால் அலையை ஏறத்தாழ 68 பாகையில், கிட்டத்தட்டத் தலைக்கு நேர் மேலே அனுப்ப வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு, 180 கிலோமீற்றர், இன்னும் நிமிர்ந்த கோணம். மேலே சொன்ன அதே மாலையில் கொழும்புக்குப் பயன்படும் உச்ச எல்லை 9.7 மெகாஹேட்ஸ்தான். ஆகவே 14 பயனற்றது. 7 மெகாஹேட்ஸ் கச்சிதம். பகலில் பெரும்பாலும் இந்த 7 நமக்குக் கைகொடுக்கும். பின்னிரவில் சூரியன் இல்லாமல் படை மெலிந்து, மாறுநிலை அதிர்வெண் 6.6க்குக் கீழே இறங்கினால், கொழும்பு மெல்ல மெல்ல மறைந்து அந்த இடத்தில் தூரதேசக் குரல்கள் வரத் தொடங்கும். அப்போது 3.6க்கு இறங்க வேண்டும். நண்பகலில் 3.6 உதவாது. கீழ்ப்படை ஒன்று பகலில் அதை உறிஞ்சிவிடும்.

காந்த நடுக்கோடு இலங்கைக்கு மிக அருகே ஓடுகிறது. அதனால் நம் வானத்தின் படை, ஐரோப்பிய வழிகாட்டிகளில் எழுதியிருப்பதைவிடப் பல வேளைகளில் அடர்த்தியாக இருக்கும். அவர்களின் நேர அட்டவணையை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாற வேண்டிவரும். சொந்தக் குறிப்பேடுதான் நம்பத்தக்கது.

7 மெகாஹேட்ஸுக்கு ஒரு தாழ்ந்த அன்ரனா

திருகோணமலையில் இருப்பவர் முதலில் கட்ட வேண்டியது இது என்பது எங்கள் உறுதியான கருத்து. உயரமான கோபுரம் தேவையில்லை. ஆறு மீற்றர் உயரம் போதும். உண்மையில் இந்த வேலைக்குத் தாழ்வே நல்லது. 7.1 மெகாஹேட்ஸில் ஓர் அலைநீளம் 42 மீற்றர். அதில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரையான உயரத்தில், அதாவது 4 முதல் 8 மீற்றருக்குள், கம்பியைக் கிடையாகக் கட்டினால் பெரும்பங்கு ஆற்றல் நேர் மேலே போகும். அதையே 20 மீற்றர் உயரத்தில் கட்டினால் ஆற்றல் சரிந்து தூரதேசத்துக்குப் போகும். கொழும்பில் குரல் மெலியும்.

நீளத்துக்கு எளிய கணக்கு: 143ஐ மெகாஹேட்ஸால் வகுத்தால் இரு கரங்களின் மொத்த நீளம் மீற்றரில் வரும். 7.11க்கு 20.1 மீற்றர், ஒரு கரம் 10.05. ஆனால் வெட்டும்போது ஒவ்வொரு கரத்தையும் 10.6 மீற்றராக வெட்டுங்கள். கட்டுவதற்கும் மடிப்பதற்கும் மிச்சம் வேண்டும். பிளாஸ்ரிக் உறை உள்ள வயரில் இறுதி நீளம் கணக்கைவிடச் சற்றுக் குறைவாகவே வரும். 1.5 சதுர மில்லிமீற்றர் பல்லிழை வீட்டு வயர் 22 மீற்றர் போதும். நடுவே வைக்க, பழைய பிளாஸ்ரிக் வெட்டுப்பலகையில் பத்துச் சென்ரிமீற்றர்ச் சதுரம் அறுத்தெடுங்கள். ஒவ்வொரு வயரையும் இரண்டு மூன்று துளை வழியே கோத்து, இழுவிசை பலகையில் நிற்கும்படி செய்த பின்பே ஈயம் பற்றவையுங்கள். பற்றவைத்த இடத்தில் இழுவை விழுந்தால் முதல் வாடைக் காற்றிலேயே அறும்.

கோஅக்ஸ் கேபிளின் உள்கம்பி ஒரு கரத்துக்கு, வெளிவலை மறு கரத்துக்கு. நடுப்பலகைக்குக் கீழேயே கேபிளை 240-43 வகை ஃபெரைற் வளையத்தில் 12 சுற்றுச் சுற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால் கேபிளின் வெளிப்புறமும் அன்ரனாவாகிவிடும். கருவியைத் தொட்டால் சுருக்கென்று கடிப்பது, பக்கத்து அறை ஒலிபெருக்கியில் உங்கள் குரல் உறுமுவது, கேபிளை நகர்த்தினால் அளவீடு மாறுவது எல்லாம் அதன் அடையாளங்கள்.

கட்டுவதற்குப் பனை நல்ல தூண். தென்னை காற்றில் அதிகம் ஆடும். இரு தென்னைகளுக்கிடையே கம்பியை இறுக்கிக் கட்டினால் ஒரு புயலுக்குக்கூடத் தாங்காது. ஒரு முனையில் சிறு கப்பி வைத்து, கயிற்றின் மறுமுனையில் இரண்டு மூன்று கிலோ மணல் நிரப்பிய போத்தலைத் தொங்கவிடுங்கள். மரம் ஆடும்போது போத்தல் ஏறி இறங்கும், கம்பி தப்பும். மரத்துக்கு மேலால் முதல் நூலைக் கொண்டுபோக, மீன்பிடிக் கடையில் வாங்கும் தங்கூசியும் ஓர் ஈயக்குண்டும் போதும். ஆனால் தங்கூசியிலேயே அன்ரனாவை விட்டுவிடாதீர்கள். வெயில் அதை உடைத்துவிடும். ஒரு விதி மட்டும் மீறக் கூடாதது: மின்சார வயரிலிருந்து, உங்கள் தூணோ கம்பியோ அறுந்து விழுந்தாலும் எட்டாத தூரத்தில் நில்லுங்கள். கம்பியின் இரு நுனியிலும் ஒலிபரப்பும்போது உயர்ந்த மின்னழுத்தம் இருக்கும். பிள்ளைகள் கைநீட்டித் தொடும் உயரத்தில் அவை இருக்கக் கூடாது.

அடுத்து, அன்ரனாவிலிருந்து எவ்வளவு ஆற்றல் திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மானியால் அளந்து சரிசெய்வது. அளவு மிகக் குறைவாக வரும் இடம் 7.000க்குக் கீழே இருந்தால் கம்பி தேவைக்கு மேல் நீண்டிருக்கிறது. ஒவ்வொரு கரத்திலும் ஒரு சென்ரிமீற்றர் மடித்தால் ஏறத்தாழ 7 கிலோஹேட்ஸ் மேலே ஏறும். வெட்டாதீர்கள், மடித்துக் கட்டுங்கள். பின்னர் திரும்ப நீட்ட வேண்டிவரலாம். 1.5க்குக் கீழே வந்தால் போதும். 1.0 தேடி நாள் முழுக்க ஏறி இறங்குவது வீண். 2 என்றாலும் திரும்பி வரும் ஆற்றல் ஒன்பதில் ஒரு பங்குதான். எந்த அதிர்வெண்ணில் பார்த்தாலும் அளவு மிக உயரமாகவே நின்றால் நீளத்தைத் தொடாதீர்கள். எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது, அல்லது உள்கம்பியும் வெளிவலையும் ஒட்டியிருக்கின்றன.

இந்த ஊரில் அன்ரனாவின் முதல் எதிரி உப்புக்காற்று. வெளியே இருக்கும் செருகி ஒவ்வொன்றையும் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் நாடாவால் இழுத்துச் சுற்றி, அதற்கு மேல் சாதாரண நாடா சுற்றுங்கள். சிலிக்கன் பசை பூசுவதானால் புளிக்காடி மணம் வரும் வகையைத் தவிருங்கள். அந்த அமிலம் செம்பை அரித்துப் பச்சையாக்கும். கேபிளின் வெளிவலைக்குள் நீர் ஒருமுறை புகுந்தால் விளக்குத்திரிபோல உள்ளே ஏறிக்கொண்டே போகும். இங்கே ஒரு பொறி உண்டு: நனைந்து கெட்ட கேபிள் ஆற்றலை உறிஞ்சுவதால், மானி முன்பைவிட அழகான அளவைக் காட்டும். அளவு தானாகவே நல்லதாகிக்கொண்டு போகிறது, ஆனால் கேட்கும் நிலையங்கள் குறைந்துகொண்டு போகின்றன என்றால் கேபிளை மாற்றுங்கள்.

ஒக்டோபர், நவம்பர் இடிமின்னல் காலத்தில் பயன்படுத்தாத நேரமெல்லாம் கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போடுங்கள். மின்செருகியையும் பிடுங்குங்கள். ஆளி அணைத்திருப்பது பாதுகாப்பு ஆகாது.

குடாவைச் சுற்றிப் பேச

கொட்டியாரக் குடாவின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் வானப் படை தேவையில்லை. 145 மெகாஹேட்ஸ் அலை நேர்க்கோட்டில் போகும், தேவைப்படுவது உயரம். இரு அன்ரனாக்களின் உயரத்தையும் மீற்றரில் எடுத்து, தனித்தனியே வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12ஆல் பெருக்கினால் எட்டும் தூரம் கிலோமீற்றரில் வரும். கரையில் நிற்கும் இருவர் கைவானொலியைத் தலையருகே பிடித்தால் பத்துக் கிலோமீற்றர். இரு பக்கமும் 9 மீற்றர்த் தடி நாட்டினால் 25. நகரிலிருந்து மூதூர் நேர்க்கோட்டில் 15க்குள். இடையில் தண்ணீர்தான், ஆகவே எளிது. வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் 35ஐத் தாண்டும். ஒரு பக்கத்து அன்ரனாவாவது 36 மீற்றர் உயரத்தில் நிற்க வேண்டும். உவர்மலை போன்ற மேட்டில் இருப்பவரின் வீட்டுக் கூரை இதனால்தான் பெறுமதியானது. கோணேசர் மலை நல்ல உயரம், ஆனால் அது பிரெட்ரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அனுமதி இல்லாமல் கருவியோடு ஏற நினைக்க வேண்டாம்.

அன்ரனா எளிது: நடுவில் நிமிர்ந்த 49 சென்ரிமீற்றர்க் கம்பி ஒன்று, கீழே 45 பாகை சரித்த 52 சென்ரிமீற்றர்க் கம்பிகள் நான்கு. இங்கே பணம் செலவழிக்க வேண்டிய இடம் கேபிள். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 20 மீற்றரில் ஏறத்தாழ 4 டெசிபெல் விழுங்கும். 50 வாற் அனுப்பினால் 20 வாற்தான் மேலே போய்ச் சேரும். தடித்த ஆர்ஜி-213இல் 33 வாற் சேரும். 7 மெகாஹேட்ஸில் இந்த வேறுபாடு பெரிதல்ல. அங்கே மெல்லிய கேபிளே போதும்.

ஒன்றை மனத்தில் வையுங்கள். மீன்பிடிப் படகுகள் பயன்படுத்தும் 156.8 மெகாஹேட்ஸ் கடல் அலைவரிசை அமெச்சூருக்கு உரியது அல்ல. உங்கள் கைவானொலி அங்கே ஒலிபரப்ப முடிந்தாலும் பொத்தானை அழுத்தாதீர்கள்.

மின்சாரம் இல்லாத மூன்று நாள்

2020 டிசெம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. அதுபோன்ற இரவில் மின்சாரம் முதலில் போகும். தொலைபேசிக் கோபுரங்கள் பற்றரி தீரும்வரை நிற்கும். அதற்குப் பிறகு உங்கள் பற்றரிதான்.

100 வாற் கருவி முழு வலுவில் ஒலிபரப்பும்போது 20 அம்பியருக்கு மேல் இழுக்கும். கேட்கும்போது ஏறத்தாழ ஓர் அம்பியர். வலுவை 20 வாற்றுக்குக் குறைத்து, நேரத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் பேசினால் ஒரு நாளுக்கு 35 அம்பியர்-மணி அளவில் வரும். 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரியில் பாதியைத்தான் எடுக்கலாம். அதற்குக் கீழே இறக்கினால் பற்றரி சீக்கிரம் சாகும். ஆகவே ஒரு பற்றரி ஒன்றரை நாள் தாங்காது. நல்ல வெயிலில் 100 வாற் சூரியத் தகடு 25 முதல் 30 அம்பியர்-மணி தரும். ஆனால் புயல் வருவது மாரியில், மூட்டம் கட்டிய வானத்தோடு. அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிது. இரண்டு பற்றரி, இரண்டு தகடு என்று திட்டமிடுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது வயரில். மூன்று மீற்றர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால், 20 அம்பியர் ஓடும்போது போகவர ஏறத்தாழ 0.9 வோல்ற் வயரிலேயே தொலையும். பற்றரி 12.4 காட்டும்; கருவிக்கு 11.5தான் கிடைக்கும். குரல் உடையும், அல்லது பேசத் தொடங்கியதும் கருவி அணைந்து மீண்டும் எரியும். கருவி கெட்டுவிட்டது என்று அனுப்பிவிடாதீர்கள். 6 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் இழப்பு 0.4க்குள் நிற்கும். உருகி பற்றரியின் முனையருகே இருக்க வேண்டும், கருவியருகே அல்ல. நடுவழியில் வயர் உரசி ஒட்டினால் காப்பாற்றுவது அதுதான். மலிவான சூரிய மின்னேற்றிகள் 7 மெகாஹேட்ஸில் கடுமையாக இரையும். கேட்கும் நேரத்தில் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி அதுவே.

செய்தி கொண்டுசெல்வது ஒரு கைவினை

2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தென்கரையில் தொலைபேசி செத்தபோது, அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குக் குறுஅலையில் செய்தி கொண்டுவந்தவர்கள் இலங்கை அமெச்சூர்கள். அதே நாட்களில் அந்தமானின் போர்ட் பிளேயரில், பாரதி பிரசாத் தலைமையில் வேறு நோக்கத்துக்காகப் போயிருந்த அமெச்சூர் குழு, தீவுக்கும் நிலப்பரப்புக்கும் இடையே செய்தி சுமந்தது. அவர்களிடம் புதுமையான கருவி எதுவும் இருக்கவில்லை. எந்த அலை எங்கே விழும் என்று தெரிந்திருந்தது. செய்தியைச் சிதறாமல் கைமாற்றப் பழகியிருந்தார்கள்.

இந்தப் பழக்கம் தானாக வராது. ஒவ்வொரு செய்திக்கும் தொடர் இலக்கம், அவசர நிலை, அனுப்புபவர், பெறுபவர், நேரம், சொல் எண்ணிக்கை என்று எழுதிக்கொண்ட பின்பே ஒலிவாங்கியை எடுக்க வேண்டும். வாசிக்கும் வேகம், மறுமுனையில் இருப்பவர் கையால் எழுதும் வேகம். பெற்றவர் முழுவதையும் திருப்பி வாசிப்பார், சொற்களை எண்ணுவார். ஒரு சொல் குறைந்தால் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

தமிழில் பேசும்போது எண்கள் சிக்கல் தரும். இரைச்சலில் ‘ஆறு’ம் ‘நூறு’ம் ஒன்றாகவே கேட்கும். ‘ஒன்று’ம் ‘ஒன்பது’ம் தொடக்கத்தில் ஒன்று. ‘நூற்றாறு பேர்’ என்று சொல்லாமல் ‘ஒன்று, பூச்சியம், ஆறு, மீண்டும், ஒன்று, பூச்சியம், ஆறு’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். ஊர்ப் பெயர்களில் இன்னொரு சிக்கல். நமது மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளில் சிலவற்றுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் வேறு வேறு உச்சரிப்பு. கொழும்பில் எழுதிக்கொள்பவர் எப்படி எழுதுவார் என்று சொல்ல முடியாது. மூன்று மொழியிலும் பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, அந்தப் பட்டியலை எல்லோருக்கும் பகிரங்கமாகத் தந்து வையுங்கள். இது மறைப்பு அல்ல, குழப்பத் தவிர்ப்பு.

அமெச்சூர் அலையை யாரும் கேட்கலாம். ஆகவே இறந்தவரின் பெயர், நோயாளியின் விபரம் போன்றவற்றை அலையில் வாசிக்காதீர்கள். எண்ணிக்கை, இடம், தேவை ஆகியன போதும். ‘மூதூர், இடைத்தங்கல் முகாம், குடிநீர் இல்லை, 240 பேர், 14:30 மணி’ என்பது நல்ல செய்தி. ‘நிலைமை மிகவும் மோசம், உடனே ஏதாவது செய்யுங்கள்’ என்பது யாருக்கும் உதவாத செய்தி. வதந்தியை ஒருபோதும் ஏற்றி அனுப்பக் கூடாது. நீங்கள் எழுதிய செய்திக்கு யார் பொறுப்பு என்று பெயரோ பதவியோ இருக்க வேண்டும். கிராம உத்தியோகத்தர், முகாம் பொறுப்பாளர் என்று.

ஒழுங்கும் முக்கியம். ஒரே அலைவரிசையில் பலர் கூடிப் பேசும் வலையில் ஒருவர் கட்டுப்படுத்துவார். மற்றவர்கள் அழைத்தால் பேசுவார்கள். நம் உலகப் பகுதியில் அவசர வேலைக்கென்று ஒதுக்கிப் பேசிக்கொண்ட மைய அதிர்வெண்கள் 3.600, 7.110, 14.300, 18.160, 21.360 மெகாஹேட்ஸ். இவற்றைக் கருவியின் நினைவகத்தில் இன்றே பதியுங்கள். மேலே அன்ரனாவை 7.11க்கு அளந்தது இதற்காகத்தான். எஸ்எஸ்பியில் 7க்கும் 3.6க்கும் கீழ்ப்பக்கப் பட்டை, 14க்கு மேல் மேற்பக்கப் பட்டை. பிழையான பக்கத்தில் வைத்தால் குரல் விளங்காத கரகரப்பாக வரும். புதியவர்கள் இதை அன்ரனாக் கோளாறு என்று நினைத்துப் பனையில் ஏறிவிடுகிறார்கள்.

பயிற்சிக்கு அனர்த்தம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கதிர்காமப் பாதயாத்திரை வெருகல் வழியாகக் கிழக்குக் கரையோரம் நடந்து போகிறது. ஏற்பாட்டாளர்களும் அதிகாரிகளும் சம்மதித்தால், கைபேசி சரியாக எடுக்காத காட்டுப் பகுதிகளில் ஒரு வானொலி நடந்து போகலாம். நாள் முழுக்க எத்தனை பேர், தண்ணீர் எங்கே, யாருக்குக் கால் புண் என்ற உண்மையான செய்திகள் கிடைக்கும். மேசையில் அமர்ந்து செய்யும் ஒத்திகையில் இப்படி அமையாது. ஒக்டோபர் மூன்றாம் வார இறுதியில் உலகச் சாரணர்கள் வானொலியில் சந்திக்கும் ஜோட்டா நடக்கும். பாடசாலைச் சாரணர்களை அழைத்து, அனுமதி பெற்றவர் அருகில் இருந்து பேசவைக்க அது ஏற்ற நாள்.

வெறும் ஆசைக்காகச் செய்பவை

எல்லாம் அனர்த்தத்துக்காக அல்ல. எஃப்டி8 என்ற கணினி முறையில், 15 விநாடித் துண்டுகளாக, சில வாற்றிலேயே கடல் கடந்து தொடர்பு எடுக்கலாம். 7.074, 14.074, 28.074இல் அதைக் கேட்கலாம். கணினிக் கடிகாரம் சில விநாடி பிசகினால் திரை நிறைய ஒலித்தடம் தெரியும், ஒரு எழுத்தும் வராது. அன்ரனாவைச் சோதிக்க இது அருமையான கருவி. ஆனால் அழைப்புக்குறி, இடக்குறி, ஒலிவலு தவிர வேறெதையும் இது பெரிதாகச் சுமக்காது. இதை மட்டும் பழகியவர் புயல் இரவில் கைகட்டி நிற்க நேரிடும். உலகைச் சதுரங்களாகப் பிரித்துப் பெயரிடும் இந்த இடக்குறியில் ஒரு சுவாரசியம்: 80 பாகை நெடுங்கோடு நாட்டைப் பிரிப்பதால் கொழும்பு எம்ஜே96, திருகோணமலை என்ஜே08. நமது சதுரத்தைத் தேடுபவர்கள் உலகில் பலர்.

சர்வதேச விண்வெளி நிலையத்தின் அமெச்சூர்க் கருவி 145.800 மெகாஹேட்ஸில் பேசும். சில நாட்களில் அங்கிருந்து படங்கள் ஒலியாக வரும். மேற்சொன்ன 49 சென்ரிமீற்றர் அன்ரனாவே போதும்.

அமெச்சூர்க் கருவி சுமக்கும் கியூஓ-100 செய்மதி மேற்கே, நிலையாக நிற்கிறது. திருகோணமலையிலிருந்து திசை 264 பாகை, ஏற்றம் 26 பாகை. 60 முதல் 90 சென்ரிமீற்றர்த் தொலைக்காட்சி டிஷ், சாதாரண எல்என்பி (டிஷ்ஷின் முன்னே நின்று அதிர்வெண்ணை 9750 மெகாஹேட்ஸ் இறக்கித் தரும் பெட்டி), கணினியோடு இணைக்கும் சிறு எஸ்டிஆர் பெறுகருவி இருந்தால், செய்மதியின் 10489.750 மெகாஹேட்ஸ் அடையாள ஒலியை 739.750இல் கேட்கலாம். எல்என்பிக்கு 12 வோல்ற் தனியாகக் கொடுக்க வேண்டும். யுஎஸ்பியின் 5 வோல்ற் போதாது. ஐரோப்பியக் குறிப்புகள் எல்என்பியைக் கொஞ்சம் சரித்து வைக்கச் சொல்லும். நிலநடுக்கோட்டுக்கு அருகே, மேற்கு நோக்கிப் பார்க்கும் நமக்கு அதை 80 பாகை வரை திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் டிஷ் சரியாக நின்றாலும் அனேகமாக ஒன்றும் கேட்காது.

எங்கே தொடங்குவது

ஒலிபரப்ப அனுமதி வரும்வரை கேளுங்கள். பரீட்சைக்கு அடிப்படை மின்னியலும் விதிமுறையும் படிக்க வேண்டும். இலங்கை வானொலிச் சங்கத்தாரிடம் வழி கேட்கலாம். மோர்ஸ் கட்டாயம் என்ற சர்வதேச விதி 2003இல் நீங்கினாலும் அதைப் பழகுவது நல்லது. அந்த 18 நிலையங்களையும் அடையாளம் காண மோர்ஸ்தானே தேவை.

ஒரு நாற்பது பக்கக் கொப்பி வாங்கி, காலை, நண்பகல், மாலை, இரவு என்று நான்கு வேளை, ஒவ்வொரு வேளையும் மூன்று நிமிடம் 14.100ஐக் கேட்டு எழுதுங்கள். எந்த நிலையம், நான்கு ஒலிக்கோட்டில் எத்தனையாவது வரை கேட்டது என்பது போதும். நான்காவதும் கேட்டால் 0.1 வாற் கடல் தாண்டி வந்திருக்கிறது. ஒரு மாதம் சென்றால் எந்த நேரத்தில் எந்தத் திசை திறக்கும் என்று கொப்பியே சொல்லும். 4எஸ்7பிக்கு நேரே பெரும்பாலும் வெற்றிடமாக இருக்கும். என்றாவது ஒரு நாள் அந்தப் பத்து விநாடியில் கொழும்பு பலமாகக் கேட்டால் நேரத்தோடு வட்டமிட்டு வையுங்கள். அப்போது அனேகமாக நம் தலைக்கு மேலே மாறுநிலை அதிர்வெண் 13 மெகாஹேட்ஸை எட்டியிருக்கிறது.